கட்டாத மாட்டுக்கு மூட்டம்

இந்த மாதம் நம் துளையிடும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ரிட்டையர் ஆன பிறகு எழுதுவார்கள். சால்வை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த கையோடு பேனாவை எடுப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். சால்வைக்கு இன்னும் வெகுநாள் இருக்கிறது. அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதோடு, நான் சொல்லப்போவது உங்களுக்கு அடுத்த வாரமே வேண்டியிருக்கும். அடுத்த வாரம் உங்களை வயல் பக்கம் அனுப்புகிறார்கள்.

துளை போடும் ரிக்கை எப்படி நிமிர்த்துவது, அதில் ராடை எப்படிக் கோப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைக் கலியபெருமாள் அண்ணன் சொல்லித் தருவார், திட்டிக்கொண்டே. நான் சொல்லப்போவது பனிமான்களின் கதை. நெய்வேலிக்கும் பனிமானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் கலியபெருமாள் அண்ணன்தான்.

ரஷ்யாவில், சைபீரியாவின் வடக்கே, எவெங்கியா என்று ஒரு மாவட்டம். எவெங்கி என்ற மக்களின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். பரப்பளவில் ஏறக்குறைய ஆறு தமிழ்நாடு. அங்கே வாழும் மொத்த ஜனங்களையும் கூட்டிக்கொண்டு வந்தால் நம் டவுன்ஷிப்பின் சில பிளாக்குகளுக்குள் குடிவைத்துவிடலாம், அதற்குப் பிறகும் சில குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கும். ஊரிலிருந்து ஊருக்கு ரோடு கிடையாது. கோடையில் ஆறு, குளிர்காலத்தில் உறைந்த ஆறு, அவசரத்துக்கு ஹெலிகாப்டர். மீதி எல்லாம் காடு. அந்தக் காட்டுக்கு அடியில் நிலக்கரி.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் மார்க்குதான். இங்கே கிடைக்காத சீட் சைபீரியாவின் ஒரு நகரத்தில் கிடைத்தது. சுரங்கப் புவியியலும் ரஷ்ய மொழியும் சேர்த்துப் படித்தேன். மெயின் பஜாரில் என் அத்தா துணிக்கடை வைத்திருக்கிறார். ஊட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவதற்கென்று அவர் வைத்திருந்த ஸ்வெட்டர்களில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி எனக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே மூன்றும் சேர்ந்து ஒரு பனியனுக்குச் சமம்.

படிப்பு முடிந்து இங்கே ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். கொரோனாவுக்கு முந்தைய ஒரு கோடையில் அந்தக் காண்ட்ராக்டருக்கு எவெங்கியாவில் ஒரு சின்ன வேலை கிடைத்தது. பொலபொலவென்று உதிரும் கரியை உதிராமல் முழு உருளையாக மேலே எடுக்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் நம் ஊர் ட்ரில்லர்களுக்கு உண்டு. அதற்காகக் காடாம்புலியூர் கலியபெருமாள் அண்ணனை அனுப்பினார்கள். மொழி தெரியும் என்பதற்காகவும், எடுத்த கரியைப் படித்துப் பார்ப்பதற்காகவும் என்னை அனுப்பினார்கள். அண்ணனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை அவர் போயிருந்த அதிகபட்ச வடக்கு, திருப்பதி.

ஹெலிகாப்டரில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டு போனோம். அண்ணன் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து என் காதருகே வந்து, அந்த இரைச்சலில், நிதானமாகக் கேட்டார்.

"பாப்பா, வூடே காணோமே. இத்தினி நெலத்துக்கும் பட்டா யார் பேர்ல கீது?"

நம் பக்கத்து ஆளுக்கு ஒரு நிலத்தைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி இதுதான். காட்டுக்கெல்லாம் பட்டா ஏது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஓர் ஆற்றங்கரையில் கேம்ப். கூடாரங்கள், ஒரு ரிக், ரஷ்யர்கள் நான்கைந்து பேர், அவர்களுக்கு ஒரு தலைவர். பெரிய தாடி, பெரிய குரல், மீன் சூப் மட்டும் பிரமாதமாக வைப்பார். எங்களுக்குக் கொடுத்த மேப்பில் கேம்ப் இருந்த இடத்தைச் சுற்றி வெறும் பச்சை. ஒரு புள்ளி கிடையாது.

இங்கே நமக்கு என்ன பயம்? துளை போட்டால் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்துவிடுமோ என்று பயம். அங்கே நேர்மாறு. ஒரு முழம் தோண்டினால் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். துளைக்குள் விடுகிற தண்ணீர் உறைந்து ராடைப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயம். அதனால் தண்ணீரில் உப்பைக் கொட்டுவார்கள். கூடவே சில ரசாயனங்கள். அந்த உப்புத் தண்ணீர் ரிக்குக்குப் பக்கத்தில் ஒரு குழியில் நிற்கும். அங்கிருந்து துளைக்குள் போகும், திரும்பக் குழிக்கே வரும். இந்தக் குழியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைபீரியா என்றால் குளிர் என்று நினைத்துக்கொண்டு போனோம். ஜூலையில் போன எங்களைக் குளிர் ஒன்றும் செய்யவில்லை. கொசு செய்தது. நம் ஊர்க் கொசு பாட்டுப் பாடிவிட்டுக் கடிக்கும், ஒரு மரியாதை இருக்கும். அங்கே கூட்டமாக வந்து முகத்தில் அப்பிக்கொள்ளும். அது ஓய்ந்தால் பொடி ஈ, அது ஓய்ந்தால் மாட்டு ஈ. தலையில் வலை போட்டுக்கொண்டு சோறு தின்ன முடியாது; வலையை எடுத்தால் சோற்றோடு கொசுவும் போகும். தலைவர் கொடுத்த மருந்தைப் பூசிப் பார்த்தோம். கொசுவுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது நாள் மாலை அண்ணன் பொறுமை இழந்தார். "இதுக்குப் போயி மருந்து எதுக்கு" என்று எழுந்து காட்டுக்குள் போனவர், உளுத்துப்போன கட்டைகளையும் ஈரப்பாசியையும் ஒரு பெரிய பொதியாகக் கொண்டுவந்தார். கூடாரங்களுக்குக் காற்று வரும் பக்கம் பார்த்து நெருப்பு வைத்து, பாசியைப் போட்டு அமுக்கினார். எரியவும் இல்லை, அணையவும் இல்லை; வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் படர்ந்து கூடாரங்களைத் தாண்டி ரிக் வரைக்கும் போனது. உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும், இது மாட்டுக் கொட்டகையில் சாயங்காலம் போடுகிற மூட்டம். இங்கே ஈரவைக்கோலும் வேப்பிலையும், அங்கே பாசி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொசு போய்விட்டது. ரஷ்யர்கள் வலையைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் அண்ணனைக் கட்டிப் பிடித்து அவர் தட்டில் ஒரு மீன் தலையைக் கூடுதலாக வைத்தார். அதற்குப் பிறகு மூட்டம் அணையவே இல்லை. வேலைக்கு நடுவில் வந்து வந்து பாசி போட்டுவிட்டுப் போவார் அண்ணன்.

அதற்கடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, காலையில் நான் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தால், புகைக்குள் கொம்புகள் நிற்கின்றன.

சாம்பல் நிறத்தில், ஆளின் மார்பு உயரத்தில், கிளை கிளையாகக் கொம்பு வைத்த பனிமான்கள். நாற்பதுக்குக் குறையாது. புகை எங்கெல்லாம் படர்ந்ததோ அங்கெல்லாம் நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. சிலவற்றின் கழுத்தில் மணி. நான் கிட்டே போனேன், ஒன்றுகூட நகரவில்லை. ரஷ்யர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அண்ணன் ஒன்றின் முதுகைத் தடவிக்கொண்டே, "கொசு இதுங்களையும் வுட்டு வெக்கல பாப்பா. நம்ம மூட்டத்தப் பாத்துகினு வந்துட்டுதுங்க" என்றார், வீட்டுக்கு விருந்தாளி வந்த முகத்தோடு.

நானும் பத்துப் படம் எடுத்தேன். பதினோராவது படத்துக்குக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். குட்டியோடு நின்ற ஒரு மான், தலையைத் தாழ்த்தி, மூக்கை நீட்டிக்கொண்டு, மெதுவாகக் குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு.

உப்பு. மாட்டுக்கு உப்பு என்றால் ஆசை. பனிமானுக்கு அது வெறி. கல்லூரியில் கூடப் படித்த ஒரு பெண் சொல்லியிருந்தாள், ஒரு பை உப்பைக் காட்டினால் எவ்வளவு தூரமும் பின்னாலேயே வரும் என்று. இந்தக் குழியில் இருப்பதோ தின்கிற உப்பு இல்லை, கூட ரசாயனமும் கலந்தது. நாலு வாய் உறிஞ்சினால் போதும். அதுவும் போகட்டும் என்றால், குழியின் கரை வெயிலில் இளகிச் சேறாகக் கிடந்தது. உள்ளே சறுக்கியது வெளியே வராது.

நானும் ஒரு ரஷ்யரும் ஓடிப்போய்க் கையை வீசி அந்த மூன்றையும் விரட்டினோம். அவை நாலு அடி தள்ளி நின்று எங்களைப் பார்த்தன. திரும்பவும் வந்தன. புகை சரியாகக் குழி இருந்த பக்கமாகத்தான் படர்ந்துகொண்டிருந்தது, அதனால் மொத்த மந்தையும் குழியைச் சுற்றியே நின்றது.

தலைவர் வந்தார், ஒரு பார்வை பார்த்தார், உடனே தீர்ப்புச் சொன்னார். நெருப்பில் தண்ணீரை ஊற்று, ரிக்கைக் கிளப்பு, சத்தத்தில் ஓடிவிடும். என்னைப் பார்த்து, உன் ஆளிடம் சொல் என்றார்.

அவர் மோசமான மனிதர் இல்லை. துளை பாதியில் நின்றால், தண்ணீர் ஓடாமல் உப்பையும் மீறி உறையும். ஹெலிகாப்டர் திரும்ப வருவதற்குள் முடிக்க வேண்டும். அவர் இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கும். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"அணைக்கச் சொல்றாரு, அதானே. அணைச்சா கொசுவும் ஈயும் ஒரேயடியா மொய்க்கும். அதுங்க மெரண்டு எந்தப் பக்கம் ஓடும்னு நெனைக்கிற? உப்புக்குத்தான் ஓடும், இல்லன்னா காட்டுக்குள்ள ஆளுக்கொரு தெசையா ஓடும். மணி கட்டியிருக்கு பாப்பா. யாரோ தேடிகினு வருவாங்க."

அந்தப் பேச்சில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இவை புகைக்காக நிற்கின்றன. புகை எங்கே போகிறதோ அங்கே நிற்கும். அப்படியானால் அணைப்பதல்ல வேலை, நகர்த்துவதுதான் வேலை. ஆற்றோரம் கூழாங்கல் திட்டு ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு மூட்டம் போட்டால் புகை திட்டின்மேலே போகும், குழிப் பக்கம் வராது. முதலில் அங்கே போட வேண்டும். அது நன்றாகப் புகைந்து, மான்கள் அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் இதை அணைக்க வேண்டும்.

தலைவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவரிடம் திரும்பி, இரண்டாவது நெருப்பு மூட்டப்போகிறோம், அதுவரை குழியை மூட ஆள் வேண்டும் என்று சொன்னேன். எதை வைத்து மூடுவது என்று கேட்டார். சாப்பாட்டுக் கூடாரத்தின் தார்ப்பாயைக் காட்டினேன். தாடியைச் சொறிந்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

கரி உருளைகள் வைக்கும் பலகைகளைக் குறுக்கே போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். நான்கு பேர் நான்கு மூலையில் நின்று மூக்கை நீட்டிய மான்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தோம். அதற்குள் அண்ணன் திட்டில் இரண்டாவது மூட்டத்தைப் போட்டுவிட்டார். முதலில் ஒரு கிழ மான் எழுந்து போனது. பிறகு இரண்டு. பிறகு எல்லாம், பஸ் வந்துவிட்டது என்று கேட்டு எழுந்து போகிறவர்கள் மாதிரி.

பழைய மூட்டத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு நான் மூச்சு விட்டேன். விடக்கூடாத நேரத்தில் விட்டேன். திட்டிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

நம் ஊரில் மூட்டம் போடும்போது மாடு கயிற்றில் கட்டியிருக்கும். நெருப்பு ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். அதனால் நெருப்பைச் சுற்றி எதுவும் வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை; அண்ணனும் வைக்கவில்லை. இவை கட்டாத மாடுகள். நல்ல புகை வேண்டுமென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே உள்ளே போயின. நடுவில் அகப்பட்ட ஒரு குட்டி, கங்குக்குள் காலை வைத்துவிட்டது.

அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீரில், பனிக்கட்டி உருகி வருகிற தண்ணீரில், குட்டியின் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது கத்துகிறது, இவர் அதனிடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று காடாம்புலியூர்த் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் காட்டுக்குள்ளிருந்து ஒரு நாயும், அதன் பின்னால் ஒரு பெண்ணும் வந்தார்கள்.

என் வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், நகரத்துப் பெண்கள் போடும் ஊதா நிற ஜாக்கெட், தோளில் துப்பாக்கி. எங்கள் கூடாரக் கம்புகளில் மூன்றை எடுத்து, உச்சியைச் சேர்த்துக் கட்டி, கூடுபோல நெருப்பின்மேல் நிறுத்தினாள். சுற்றிலும் குறுக்குக் கழிகள். இப்போது புகை வெளியே வரும், கால் உள்ளே போகாது. அதை முடித்துவிட்டு ஆற்றில் நின்ற அண்ணனிடமிருந்து குட்டியை வாங்கிக் காலைப் பார்த்தாள். குளம்பின் ஓரம் கருகியிருந்தது, உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, ரஷ்ய மொழியில், புகை போட்டது யார் என்று கேட்டாள்.

நான் மொழிபெயர்க்கும் முன்னமே அண்ணன் கையைத் தூக்கினார். சில கேள்விகளுக்கு மொழி தேவைப்படாது.

அவள் பெயர் வேரா. அந்த ஆற்றின் மேல்பக்கம் அவளும் அவள் அப்பாவும் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களும் கோடையில் மான்களுக்குப் புகை போடுகிறவர்கள்தான். பகலெல்லாம் மான் புகையில் நிற்கும், குளிர்ந்த நேரத்தில் மேயப் போகும், புகையைத் தேடித் திரும்பி வரும். குட்டியிலிருந்து பழகியது. அதைக் கட்டிப்போடும் கயிறே அந்தப் புகைதான். இந்த முறை போனவை திரும்பவில்லை. வேரா தன் நெருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள்.

"எங்க புகை அதுகளுக்குக் கசந்துபோச்சுன்னு அப்பா சொன்னார். நான் கட்டையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன்," என்றாள். "நிலக்கரி தோண்ட வந்தவங்க பாசியை வச்சுப் புகை போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணனுக்கு இதை நான் தமிழில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இது அவளுக்கு என்ன என்பதை அவள் சுருக்கமாகச் சொன்னாள். எவெங்கிகள் இந்த மானைக் கறிக்காக வளர்ப்பதில்லை. கூடாரத்தையும் அடுப்பையும் சுமப்பது அது, ஏறிப்போவது அது, டீயில் ஊற்றும் பால் அதனுடையது. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகும் காட்டுக்கு அதில்லாமல் போக முடியாது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த ஒரு குடும்பத்தின் மந்தை ஒரு கோடையில் சிதறிப்போனது. இப்போது அவர்கள் கிராமத்தில் அடுக்குக் குடியிருப்பில் ஓர் அறையில் இருக்கிறார்கள், டிவி பார்க்கிறார்கள். வேரா நகரத்தில் கணக்கியல் படித்துவிட்டு அது வேண்டாம் என்று திரும்பி வந்தவள். அந்த அறைக்குப் போவதற்காக நான் திரும்பி வரவில்லை என்றாள்.

மந்தையை உடனே ஓட்டிக்கொண்டு போக முடியாது. வெயிலில் புகையைவிட்டு மான் அசையாது, அடித்தால் சிதறும். சாயங்காலம் குளிர வேண்டும். அதுவரை புகை இருக்க வேண்டும், ரிக் சத்தம் போடக்கூடாது. "புகை போட்டவர் அதைவிட்டு எழுந்து போகக்கூடாது, எங்க வழக்கம்," என்று அண்ணனைக் காட்டிச் சொன்னாள்.

தலைவர் அதுவரை பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே பொறுமை தீர்ந்தது. துளை ஏற்கெனவே நின்றிருக்கிறது. சாயங்காலம் வரை என்றால் உள்ளே ராடோடு சேர்ந்து உறையும். ராடும் போச்சு, துளையும் போச்சு, நான் யாருக்குப் பதில் சொல்வது என்றார். வேரா என்னைப் பார்த்தாள். தலைவரும் என்னைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் மொழி தெரிந்தவளாக இருப்பது சில சமயம் கயிறு இழுக்கும் போட்டியில் கயிறாக இருப்பது.

அண்ணனிடம் ஒரே கேள்வி கேட்டேன், எஞ்சின் இல்லாமல் ராடை மேலே எடுக்க முடியுமா என்று.

"கை வின்ச்சு கீது. ஆழமும் ஜாஸ்தி இல்ல. எல்லாரும் கை வெச்சா எடுத்துடலாம்," என்றார். பிறகு, மூட்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, "போரு உறைஞ்சா உறையட்டும் பாப்பா. போருன்னா திரும்பத் தொறந்துக்கலாம்" என்றார்.

கரியின் தரத்துக்குப் பொறுப்பு நான். மாதிரிக்கு எடுக்கும் கரி கெடும் என்று தெரிந்தால் துளையை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. ஆனால் மாதிரி கெடவில்லை. கெட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வேலை சுலபமாக முடிந்திருக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு சுலபம் வரும், வேண்டாம். ஒரு முறை பொய்க்காக நிறுத்தினால் அடுத்த முறை நிஜத்துக்காக நிறுத்தச் சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள். நான் தலைவரிடம் நேராகச் சொன்னேன்: மாதிரி நன்றாக இருக்கிறது, மான்களுக்காகத்தான் நிறுத்தச் சொல்கிறேன், ராடைக் கையால் எடுத்துவிடலாம், துளை போனால் என் பெயரில் போகட்டும்.

அவர் வேராவின் மந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியை முதல் ஆளாகப் பிடித்தார்.

மதியம் முழுக்க ராட் எடுத்தோம். எல்லார் உள்ளங்கையும் கொப்பளித்தது. தார்ப்பாய் குழியில் இருந்ததால் வெட்டவெளியில் நின்றபடியே ரொட்டி தின்றோம். அண்ணன் மட்டும் எங்களோடு சேரவில்லை, மூட்டத்தைவிட்டு எழவில்லை. தின்னக் கொண்டுபோன ரொட்டியில் பாதியைக் கால் கருகிய குட்டி தின்றது.

சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் வேரா உப்புப் பையைக் குலுக்கினாள், மணி கட்டிய கிழ மான் எழுந்து அவள் பின்னால் நின்றது. மற்றவை அசையவில்லை. புகை அவ்வளவு நன்றாக இருந்தது. அண்ணனின் மூட்டத்தைப் பற்றி இதைவிடப் பெரிய நற்சான்று எந்த ஆபீசும் கொடுக்காது. அணைத்துவிடலாமா என்று கேட்டேன். வேரா தலையாட்டி மறுத்து, எங்கள் இரும்பு வாளியை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கங்கை அள்ளி வாளியில் போட்டு, மேலே ஈரப்பாசியைத் திணித்து, கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டார்.

ஆடி மாதம் நம் ஊர்களில் தீச்சட்டி எடுத்துக்கொண்டு போவார்களே, அந்த நடை. முன்னால் வேரா உப்புப் பையோடு, அடுத்து அண்ணன் புகைகிற வாளியோடு, அந்தப் புகைக்குள் தலையை நுழைத்தபடி நாற்பது பனிமான்கள், கடைசியில் நான், கையில் உபரிப் பாசி. அந்த வடக்கில் கோடையில் சூரியன் ஒழுங்காக இறங்குவதும் இல்லை. மஞ்சள் வெளிச்சத்திலேயே நடந்தோம். வாளி தணிந்தால் நான் ஓடிப்போய்ப் பாசி போடுவேன். அண்ணன் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்து, "எங்கூர்ல வேண்டிகினுதான் சட்டி எடுப்பாங்க. இங்க வேண்டாமயே குடுத்துட்டாங்க" என்றார்.

வேராவின் கூடாரத்தில் அவள் அப்பா நெருப்போடு தயாராக இருந்தார். மான்கள் தங்கள் பழைய இடத்தில் போய்ப் படுத்தன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றும் குறையவில்லை.

டீ கொடுத்தார்கள். குடிக்கும் முன் வேரா ஒரு துண்டு ரொட்டியை நெருப்புக்குக் கொடுத்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பையில் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த முந்திரியில் ஒன்றை எடுத்து நெருப்பில் போட்டார். வேராவின் அப்பா அதை ஏற்றுக்கொண்டதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அண்ணன், ஹெலிகாப்டரிலிருந்து மனசில் வைத்திருந்த கேள்வியை, கேள் பாப்பா என்று என்னிடம் கொடுத்தார். இத்தனை நிலத்துக்கும் பட்டா யார் பேரில்?

வேரா சிரித்தாள். அதெல்லாம் ஊரில் ஆபீசில் இருக்கும், போய்ப் பார்த்ததில்லை என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"உங்ககிட்ட மேப் இருக்கும். அதில் நாங்க இருக்கோமா?"

மேப் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பென்சில் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பச்சையின்மேல், தங்கள் புகை இருக்கும் இடங்களை வரிசையாக வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

துளை உறைந்துதான் போயிருந்தது. பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டோம், ஹெலிகாப்டரைச் சில நாள் தள்ளி வரச் சொல்லி, காண்ட்ராக்டரிடம் நானும் தலைவரும் சேர்ந்து திட்டு வாங்கினோம். அடுத்த துளைகளுக்கு, வட்டத்தைப் பார்த்து, அதைவிட்டுத் தள்ளிக் குழி வெட்டினோம். கம்பு நட்டுக் குழிக்கு வேலி போட்டுவிட்டுத்தான் உப்பு மூட்டையைப் பிரித்தோம். தலைவர் அதைத் தானாகவே வழக்கமாக்கிவிட்டார். வட்டம் இல்லாத இடத்திலும் வேலி போட்டார்.

அடுத்த வாரம் வளையமாதேவிப் பக்கம் போகிறீர்கள். உங்கள் டேப்லெட்டில் துளைப் புள்ளி இருக்கும், சுற்றி வெறுமையாக இருக்கும். போய் இறங்கினால் நெல் நிற்கும், வரப்பில் ஒருவர் நிற்பார், பக்கத்தில் அவர் பசு நிற்கும். அவர் முதலில் பட்டாவைப் பற்றிப் பேசுவார், சத்தமாகப் பேசுவார். கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள். குழி வெட்டும் முன் வேலி. எதையாவது அணைக்க வேண்டி வந்தால், இன்னொன்று நன்றாகப் புகைகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இயந்திரம், அது கையேட்டில் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்குக் காடாம்புலியூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் சாயங்கால மூட்டம் போட்டிருந்தார். அதன்மேல் மூன்று கம்பு, உச்சி சேர்த்துக் கட்டியது. சுற்றிலும் குறுக்குக் கழி. அவருடைய இரண்டு பசுக்களும் தள்ளி, முளையில், கட்டியபடியே நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தினமும் கிண்டல் செய்வார் போலிருக்கிறது, அன்றைக்குப் பார்வையாளராக நானும் கிடைத்துவிட்டேன்.

"மாடு ரெண்டும் கயித்துல கெடக்குது. நெருப்புக்கு எதுக்குடா கூண்டு? ரஷ்யா போயி வந்தவன் மூட்டமாடா இது?"

அண்ணன் பாசி போடுகிற மாதிரியே வேப்பிலையை அமுக்கிக்கொண்டு சொன்னார். "நம்ம மாடு கட்டிக் கெடக்கு. பொகையப் பாத்துகினு கட்டாதது ஏதாச்சும் வந்துதுன்னா?"

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தெருப்பக்கம் திரும்பினார். யார் வீட்டுக் கன்றோ ஒன்று, அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு, மூக்கை நீட்டியபடி உள்ளே வந்துகொண்டிருந்தது.